முப்பத்தோரு 'ஆம்'

"என் பொண்ணு வாடிப்போயிருக்கான்னு எழுதினது நீங்கதானா?"

மழலையர் பள்ளி வாசலிலேயே ஓக்னியன் கத்தினான். கையில் கசங்கிய கடிதம்.

ஸ்டெஃப்கா டீச்சர் இடமும் வலமும் தலையசைத்தாள். "நான்தான். உள்ளே வந்து உட்காருங்க."

அவன் வெடுக்கென்று மேலும் கீழும் தலையாட்டினான். "உட்கார வரலை. நாலு வார்த்தை கேட்டுட்டுப் போக வந்தேன்."

"ஒரு மாசமா நேவேனா யார்கூடவும் பேசறதில்ல, சார். சீஸ் வெச்ச பனிட்சா பலகாரம்னா முதல் ஆளா தட்டை நீட்டுவா. இப்போ தொடறதுகூட இல்ல. அவ அம்மா வேலைக்கு ஜெர்மனி போனதிலேர்ந்து..."

"எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எதுக்கு? என்கிட்ட ஆதாரம் இருக்கு!"

பக்கத்தில் நின்ற மகள் கட்டிப்பிடித்திருந்த கரடி பொம்மையைக் காட்டினான். இன்டர்நெட்டில் இயங்கும் கரடி. கண்ணில் கேமரா.

"இந்த மெச்சோ தினமும் சாயங்காலம் 'சந்தோஷமா இருக்கியா?'ன்னு இவகிட்ட கேட்கும். பதில் என் செல்லுக்கு வந்துரும். பாருங்க, முப்பத்தோரு நாள், முப்பத்தோரு 'ஆம்'! ஒரு பொம்மைக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல. நீங்கல்லாம் என்ன டீச்சர்?"

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேட்கணும்? அதுக்குத்தானே இதை வாங்கிக் கொடுத்தேன்!"

ஸ்டெஃப்காவின் முகம் சிவந்தது. "வாயைத் திறந்து சொன்னாளா?"

"தலையாட்டினா. வீடியோவே இருக்கு, நல்லாப் பாருங்க!" செல்போனை நீட்டினான்.

பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். செல்போனை அவன் கையில் கோபமாகத் திணித்தாள்.

"எந்த நாட்டுல செஞ்ச பொம்மையோ! மேலும் கீழும் தலையாட்டினா அதுக்கு 'ஆம்'. நம்ம ஊர்ல அது 'இல்லை'. நீங்க பல்கேரியாக்காரர்தானே? வந்ததும், 'உட்கார மாட்டேன்'னு எப்படி சார் தலையாட்டினீங்க?"

ஓக்னியன் மகள் முன்னால் மண்டியிட்டான்.

"கண்ணு... சந்தோஷமா இருக்கியா?"

நேவேனா அவனையே பார்த்தாள். பிறகு மெல்ல, மேலும் கீழும் தலையாட்டினாள்.

கரடியின் கண் மின்னியது. அவன் கையிலிருந்த செல்போன் 'டிங்' என்றது. முப்பத்திரண்டாவது 'ஆம்'.