இடைவேளை வரை

அம்பத்தூர் தியேட்டரில் இடைவேளை விளக்கு எரிந்ததும் லோகேஷ் எழுந்துகொண்டான்.

"எங்க மச்சான் கெளம்பிட்ட? ரெண்டு மாசமா சினிமாவே வேணாம்னு கெடந்த. இன்னிக்குதான் விசிலே அடிச்ச" என்றான் நண்பன் ரசாக்.

"அதான் கெளம்புறேன். அந்த ஹீரோ மாதிரி நானும் போயி தாட்சாயிணி ஊட்டுக் கதவைத் தட்டப் போறேன்."

"போன தபா அவ நைனா உன் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துனது மறந்துபோச்சா?"

"இன்னிக்குத் தொறக்கற வரைக்கும் நிப்பேன்."

ரயில் பிடித்துத் திருநின்றவூர் போய், மல்லிகைப்பூவோடு கதவைத் தட்டினான். திறந்த சிறுமி உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அம்மா! அப்பா வந்துகீறாரு!"

தாட்சாயிணி வந்து வாசலை மறித்து நின்றாள்.

"என்னை உட்டுட்டு முதல் ஷோ பாத்துட்டு வந்து, கிளைமாக்ஸையும் சொன்ன ஆளுதான நீ? இன்னிக்கும் படம் பாத்துட்டுத்தான் வர்றியா?"

"பாதிதான் பாத்தேன். மீதியை உன்கூடத்தான் பாக்கணும்னு எந்திரிச்சி வந்துட்டேன்."

அவள் பூவை வாங்கிக்கொண்டாள்.

"மீதியா? எனக்கு முதல்லேர்ந்து பாக்கணும். அதுவரைக்கும் கதையைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது" என்றபடி செருப்பைத் தேடினாள்.