ஸ்டெப்னிக்குக் கீழே

"பொகை மூச்ச அடைக்கும்க்கா. நீங்க கேட்டுக்கு அங்கிட்டு நில்லுங்க" என்று கொட்டகைக்காரர் சாய்குமார் சொன்னதும், சுஃபியா மனசில்லாமல் நகர்ந்தாள்.

அவள் கணவர் ஜலால் மட்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்குப் பஞ்சும் வைத்துக்கொண்டு, திறந்த டிக்கிக்குள் தலையை விட்டபடி நின்றார்.

வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் சுஃபியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மதுரை கே.கே. நகரில் கார் கழுவுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் தண்ணீர், ஆசிட், கம்பி பிரஷ் என்றார்கள். டிரை ஐஸ் துகளைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்வார்களாமே என்று கேட்டால், ஒருவர் மீன் மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னார். இன்னொருவர், கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை மேடையேறும்போது காலடியில் புகை விடுகிற ஆளின் நம்பரைக் கொடுத்தார். சிரிப்பு வந்தாலும் சுஃபியா அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் ஐஸ் வாங்குகிற இடத்தில்தான் சாய்குமாரும் வாங்குகிறார் என்று தெரிந்தது.

இத்தனை பாடும் பச்சை பெயின்ட்டில் எழுதிய மூன்று எண்களுக்காக.

அவர்களுடைய மாருதி 800-ஐ வாங்கிய அன்று, ஸ்டெப்னி டயர் உட்காரும் பள்ளத்தில் ஜலால் தன் கையால் 786 என்று எழுதினார். பதினெட்டு வருடம் அந்த வண்டியில் ஒரு கீறல் விழவிடவில்லை.

பிறகு சுஃபியாவுக்குப் புற்றுநோய் வந்தது. கீமோ முடிந்து திரும்பும் வழியெல்லாம் வண்டியின் பெட்ரோல் வாடை அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மறுவாரம் வண்டி வாசலில் இல்லை.

கேட்டதற்கு, மைலேஜ் தரவில்லை என்றார் ஜலால். அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவள் பிழைத்து எழுந்து ஆறு வருடமாகிறது. தனக்காக விற்றதைத் தானே தேடிப்பிடித்து அவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ஆனையூரில் ஒரு புரோக்கர் மூலம் இந்த வெள்ளை மாருதி கிடைத்தது. கேரளாவுக்குப் போய் நம்பர் மாறித் திரும்பிய வண்டி. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஆர்.சி. நகலும் வீட்டில் இல்லை. அதே வண்டிதான் என்று புரோக்கர் அடித்துச் சத்தியம் செய்தார். அவளும் வாங்கிவிட்டாள்.

ஜலால் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். நம்ம வண்டி என்று மட்டும் சொல்லவில்லை.

சுஃபியாவுக்கு அதுதான் உறுத்தியது. ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால், பள்ளத்தில் தாரும் ஆயிலும் விரல்கனத்துக்கு இறுகிக் கிடந்தன. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பக்குவமாக டிரை ஐஸ் அடித்தால் அழுக்கு மட்டும் போகும், அடியில் பெயின்ட் தங்கும் என்று போனில் படித்திருந்தாள்.

கொட்டகைக்குள் இரைச்சல் நின்றது.

புகைக்குள் ஜலாலின் முதுகு மட்டும் தெரிந்தது. வெகுநேரம் குனிந்தே இருந்தார். சுஃபியா கேட்டைத் தாண்டி இரண்டடி வைத்தாள்.

"ஏங்க, இருக்கா?"

"இருக்கு சுஃபியா. நான் எழுதுனது அப்படியே இருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கிட்டே வருவதற்குள் அவர் ஸ்டெப்னியைத் தூக்கி வைத்து டிக்கியைச் சாத்திவிட்டார். பார்க்கவில்லையே என்று அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. அவர் சொன்னதே போதும்.

வண்டி மதுரையைப் பார்த்துத் திரும்பியது. ஜலால் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே ஓட்டினார். அவர் பாடிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மடியில் கிடந்த போன் மினுங்கியது. வேலை முடிந்ததும் எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்புவதுபோல, சாய்குமார் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பியிருந்தார். சுத்தம் செய்வதற்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று.

முதல் படத்தில் வெறும் கறுப்பு.

இரண்டாவதில் பள்ளம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதன் நடுவில் சிவப்பு பெயின்ட்டில் யாரோ நிதானமாக, அழகாக எழுதியிருந்தார்கள்: கருப்பசாமி துணை.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சையில் ஒரு பொட்டுகூட இல்லை.

சுஃபியா தலையைத் திருப்பினாள். ஜலால் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தார். பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்கிற மனுஷர். இவ்வளவு பெரிய பொய்யை அந்தப் புகைக்குள் குனிந்து நின்று எப்படித்தான் தயார் செய்தாரோ! அவர்மேல் அவளுக்குப் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

"யாரு, போன்ல?" என்றார்.

"சிலிண்டர் புக்கிங் மெசேஜ்ங்க" என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"இம்புட்டு வருசமாகியும் நம்ம வண்டி சத்தம் மாறவே இல்லைங்க."