பிங்கமுக்கு விழுந்த ஓட்டு

"ஆயிரம் டாலர், ஐயா! இந்த நாட்டு அதிபர் நாற்காலிக்குத் துண்டு போட நம்ம மாநிலத்துல அவ்வளவுதான் விலை. பிங்கம்னு ஒருத்தர் துணிஞ்சு கட்டியிருக்காரு. என் ஓட்டு அவருக்குத்தான். வழியை விடுங்க."

இடுப்பில் இரண்டு வயது மகளோடு நின்றாள் ஜோலீன். நியூ ஹாம்ப்ஷயரின் ஆஷ்பி கார்னருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதிபர் பதவிக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் இன்று. நகர மன்ற வாசலில், பிரசாரக்காரர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, 'ஹேல்' என்று எழுதிய அட்டையோடு நின்றிருந்தார் காதுமூடிக் குல்லா போட்ட ஒருவர். மீசையெல்லாம் பனி.

"வழியை யாரும்மா மறிச்சாங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. பிங்கம் ஜெயிப்பானா?"

"மாட்டாரு."

"அப்ப எதுக்கு அவன் தலையில கொண்டுபோய்க் கொட்டறே?"

"கோவம்! உங்க ஹேல் போன வாரம் நம்ம டைனர் ஓட்டலுக்கு வந்தாரே, கேமராவைப் பார்த்துக்கிட்டே என் கையைக் குலுக்கினாரு. ஹீட்டர் எண்ணெய் விலையைப் பத்திக் கேட்டேன். 'உங்க ஊர் பான்கேக் பிரமாதம்'னாரு."

"சரி. ஸ்ட்ராட்டன்?"

"அவரு பேரை எடுக்காதீங்க. ஏழை வீட்டுக்குக் குளிர்காலத்துல குடுக்கிற எண்ணெய் உதவியை வந்த முதல் நாளே நிறுத்துவாராம். அது இல்லேன்னா எங்க வீட்டு ஹீட்டர் பிப்ரவரியைத் தாண்டாது. இவளைப் போர்வையிலதான் சுத்திவைக்கணும்."

குல்லாக்காரர் குழந்தையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கோவம் நல்ல சரக்கும்மா. ஆனா ஆள் வராத கடையில வெச்சா விலை போகுமா? மாநிலம் முழுக்க ஹேலும் ஸ்ட்ராட்டனும் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பிங்கமுக்குப் போடற ஒவ்வொரு ஓட்டும் ஸ்ட்ராட்டனுக்கு இலவச இணைப்பு."

"ஹேல் மட்டும் யோக்கியமா?"

"சொத்தை ஆப்பிள். நான் இல்லேன்னு சொல்லலையே. சொத்தையை வெட்டிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். ஸ்ட்ராட்டன் கூடையைக் கவுத்துப் பாரு, ஆப்பிளே இருக்காது."

ஒரு பழைய டிரக் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் அட்டையைப் பார்த்ததும் கத்தினார்: "வெட்கமா இல்லை உனக்கு? நேத்து வரைக்கும் ஹேலைக் கிழிகிழின்னு கிழிச்சியே!"

"அது நேத்து விலைடா. இன்னிக்குச் சந்தை வேற."

"உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்! சரி, போட்டுத் தொலைக்கிறேன். கஷாயம் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கிட்டுப் போடறேன்." முனகிக்கொண்டே உள்ளே போனார்.

ஜோலீன் விடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு நோட்டீஸை எடுத்தாள். "இதைப் படிச்சீங்களா? 'எண்ணெய்த் தொட்டி காலியானவன் பேச வர்றேன், கேளுங்க'ன்னு எழுதியிருக்காரு பிங்கம். எவ்வளவு நல்ல மனுஷன்! படம் போடக்கூடக் காசில்லை போல."

"அவன் மூஞ்சி அப்படி. படம் போட்டா இருக்கிற ஓட்டும் போயிடும். அந்த ஆயிரத்தை எப்படிக் கட்டினான் தெரியுமா? பனிவண்டியை வித்து. இப்ப எங்கே போனாலும் நடைதான். இவனையெல்லாம் நல்லவன்னு சொல்லாதே, விவரம் பத்தாதவன்னு சொல்லு."

"உங்களுக்கு அவர் மேல பொறாமை."

"பந்தயம் வெச்சுக்கலாமா? இந்த ஊர்ல பிங்கமுக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தாலும், உள்ளே லொரெய்ன் சுட்டு விக்கிற ஆப்பிள் கேக்கை முழுசா உனக்கு வாங்கித் தர்றேன். விழலைன்னா நீ எனக்கு ஒரு காபி."

"அதெப்படி விழாம போகும்? அவரு வீட்டு ஓட்டாவது விழுமே!"

"விழாது. அவனை எனக்குத் தெரியும்."

ஜோலீன் உள்ளே போனாள். எந்தக் கட்சியும் சாராதவள் என்று பதிந்துகொண்டு, கட்சியின் ஓட்டுச்சீட்டு ஒன்றை வாங்கி, அதனாலேயே அந்த நேரத்துக்குக் கட்சிக்காரியாகித் தடுப்புக்குள் நின்றாள். பேனா பிங்கமின் பெயர் மேல் கொஞ்ச நேரம் நின்றது. மகள் தும்மினாள். பேனா மேலேறி ஹேலின் கட்டத்தை நிரப்பியது. வெளியேறுமுன் இன்னொரு கையெழுத்துப் போட்டு, மறுபடியும் கட்சி சாராதவளானாள்.

பந்தயம் உறுத்தியதால் இருட்டிய பிறகு மறுபடி வந்தாள். எண்ணி முடித்திருந்தார்கள். தேர்தல் நடத்துநர் உரக்கப் படித்தார்.

"ஹேல், நூற்று நாற்பத்தொன்று. ஸ்ட்ராட்டன், நூற்று முப்பத்தெட்டு. பிங்கம்..." கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பூஜ்யம்."

யாரும் சிரிக்கவில்லை. கேக் விற்கும் மேசையிலிருந்த லொரெய்ன் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"பாவமே!" என்றாள் ஜோலீன். "தன் ஓட்டைக்கூடவா தனக்குப் போட்டுக்கலை?"

"ஸ்ட்ராட்டன் எண்ணெய் உதவியில கை வைக்கிறேன்னு சொன்ன அன்னிக்கே பேரை எடுக்கச் சொல்லிப் போய் நின்னாரும்மா," என்றாள் லொரெய்ன். "ஓட்டுச்சீட்டு அச்சாயிடுச்சு, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. வேற என்ன செய்வாரு மனுஷன்? விடிஞ்சதுலேர்ந்து வாசல்ல நின்னு, தனக்கு விழ இருந்த ஓட்டையெல்லாம் ஒவ்வொண்ணா பேரம் பேசி ஹேல் பக்கம் தள்ளிவிட்டாரு."

ஜன்னலுக்கு வெளியே, 'ஹேல்' அட்டையைத் தோளில் சாய்த்தபடி, காதுமூடிக் குல்லா பனியில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

பிங்கமுக்குச் செலவு, ஆயிரம் டாலர். வரவு, பூஜ்யம். ஜோலீனிடமிருந்து வர வேண்டிய பாக்கி, ஒரு காபி.