ஒரே நரம்பில் ஐந்து பொம்மை மீன்

"அஞ்சு! ஒரே தூண்டில் நரம்புல, மீனை ஏமாத்த அஞ்சு பொம்மை மீன் கட்டி இழுத்துக்கிட்டுப் போறான் மேடம். என் கண்ணால பாத்தேன்."

வெர்லின் ஹாகன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தட்டிக் காட்டினார். ஸ்வென்சன் ஏரிச் சங்கத்தின் தலைவர் அவர். கடவுள் ஏரியைப் படைத்துவிட்டு, சாவியைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதாக நினைப்பு.

மீன்வள அதிகாரி கிர்ஸ்டன் படகைக் கிளப்பினாள். "நீங்க கரையிலயே இருங்க சார்."

"சாட்சி வேணாமா?" அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வழி முழுக்கச் சட்ட வகுப்பு நடந்தது.

"ஒரு நரம்புக்கு ஒரு முள். அதான் இங்க சட்டம். நான் ஒத்தை முள்ளோட மரியாதையா உக்காந்திருக்கேன், ஒரு மீன் எட்டிப் பாக்கல. எப்படிப் பாக்கும்? அதான் எல்டன் மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போறானே!"

"அவர் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லன்னு..."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மேடம், நினைவுதான் போச்சு. புருஷன் யாருன்னே ஆர்டிஸுக்குத் தெரியாது. வாயைத் திறந்து மாசக்கணக்காச்சு. அவளை எதுக்குத் தினம் படகுல ஏத்தறான்? அவ பேர்லயும் லைசென்ஸ் இருக்கே! அவ பங்கு மீனையும் சேத்து அள்ளத்தான். படகைப் பிடுங்குங்க, அப்பத்தான் புத்தி வரும்."

சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. மீன்கள் மேல் அவ்வளவு இரக்கம்.

எல்டனின் படகு நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆர்டிஸ் தூண்டில் கழியைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகார் வந்திருக்கு சார். தூண்டிலைத் தூக்கிக் காட்டுங்க" என்றாள் கிர்ஸ்டன்.

எல்டன் முகம் வெளுத்தது. "படகை மட்டும் எடுத்துடாதீங்கம்மா."

தண்ணீரிலிருந்து குடைக்கம்பி போல விரிந்த கம்பிகள் மேலே வந்தன. நுனிகளில் ஐந்து பொம்மை மீன்கள் மினுங்கின.

"பாத்தீங்களா!" வெர்லின் எழுந்தே நின்றார். படகு ஆடியது.

கிர்ஸ்டன் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "முள் எங்க சார்?"

"கழட்டிட்டேன்மா. மீன் மாட்டித் துடிச்சா இவ அழுவா."

"அப்புறம் எதுக்கு அஞ்சு?"

"பொம்மை ஒண்ணுன்னா மீன் எப்பவாவதுதான் வந்து கடிக்கும்."

"முள்ளே இல்லைன்னா குத்தமும் இல்ல. நீங்க போகலாம் சார்."

தூண்டில் மறுபடி தண்ணீருக்குள் போனது. எல்டனின் படகு மெல்ல நகர்ந்தது. வெர்லினுக்குத்தான் பொறுக்கவில்லை.

"யோவ் எல்டன்! முள்ளில்லாம தினம் ஏரியைச் சுத்தறியே, அப்படி என்னத்தைய்யா பிடிக்கிற?"

சட்டென்று கழி வளைந்தது. ஏதோ ஒரு மீன் கவ்வி இழுத்தது. ஆர்டிஸ் கலகலவென்று சிரித்தாள்.

"எல்டன்! எல்டன்! இழுக்குது பாரு!"

மீன் விட்டுவிட்டுப் போய்விட்டது. கழி நிமிர்ந்தது.

"இதைத்தான்" என்றார் எல்டன்.