ஜன்னலோர நாற்காலி

"நெத்தியில பட்டை பட்டையா விபூதி. கையில கிருபைப் புஸ்தகம். நீ எந்தக் கட்சிப்பா, சிவலிங்கம்?"

வெங்கடராமன் மேஜைக்கு முன்னால நின்னு கேட்டார்.

வங்காளிங்க ஊர்ல, லேக் மார்க்கெட் பக்கத்துல, மாடியில, சின்னதா ஒரு தமிழ்ப் படிப்பகம். சித்திரை மாசத்துச் சாயங்காலம். கீழ்க்கடையில காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை மெதுவாப் படியேறி வந்துக்கிட்டிருந்தது. படிப்பகத்தைப் பாத்துக்கிற சிவலிங்கம், நீல அட்டைப் புஸ்தகத்தை மடியில கவுத்து வச்சிட்டு, ஜன்னலுக்கு வெளியே போற மேகத்தைப் பாத்துக்கிட்டிருந்தார். கண்ணு திறந்திருந்தது. ஆள் அங்க இல்லை.

"சிவலிங்கம்!"

"அட, வாங்க சார். எப்ப வந்தீங்க?"

"நான் இன்னொரு தடவை ரிட்டயர் ஆயிருக்கலாம். அவ்வளவு நேரமாச்சு."

வெங்கடராமன் பேங்க்ல ஆபீசரா இருந்தவர். தினமும் நாலு மணிக்கு வந்துடுவார். கண் ஆபரேஷனுக்கப்புறம் ஜன்னலோர நாற்காலியில உக்காந்தாத்தான் அவருக்கு எழுத்து தெரியும். அங்க வெளிச்சம் உண்டு, காத்து கிடையாது. இருக்கிற ஒரே ஃபேன் சிவலிங்கத்தோட மேஜைக்கு மேல.

"அப்படி என்னதான்யா இருக்கு அதுல?"

"இங்க கார்டன் ரீச் பேட்டையில இருந்த ஒருத்தர் ஊரைவிட்டுப் போறப்ப குடுத்துட்டுப் போனது சார். கிருபைன்னா என்னன்னு சொல்லுது. தகுதி பாக்காம குடுக்கிறதாம். வாங்கறவன் கேக்கக்கூட வேண்டாமாம்."

"பேங்க்ல அப்படிக் குடுத்திருந்தா என்னை உள்ள தூக்கி வச்சிருப்பா."

"எனக்கும் அதான் சார் பிடிபடலை. நாப்பதாம் பக்கத்தை மூணு தடவை படிச்சிட்டேன். படிச்சதும் மனசு எங்கேயோ போயிடுது."

"போகும், போகும். ஃபேனுக்கடியில உக்காந்தா எனக்குந்தான் போகும்."

அன்னிக்குப் பூரா வெங்கடராமன் பேப்பரைப் படிக்கலை, அதால விசிறிக்கிட்டுத்தான் இருந்தார். வீட்டுக்குப் போனதும் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார். இங்கிலீஷ்ல எழுதினா பேங்க் வாடை அடிக்கும்னு தமிழ்ல எழுதினார்.

"படிப்பகக் காப்பாளர் வேலை நேரத்தில் கிறிஸ்தவப் புத்தகம் படிக்கிறார்.

இங்கே மதம் பரப்பும் முயற்சி நடப்பதாகத் தெரிகிறது.

உடனே அவரை வேலையிலிருந்து நீக்கவும்."

கீழே, "உண்மை விரும்பி."

மறுநாள் அதைப் படிப்பகத்துப் புகார்ப் பெட்டியில போட்டார். போட்டப்புறம்தான் ஒண்ணு ஞாபகம் வந்தது. வேலை போனா, சிவலிங்கமும் அவர் சம்சாரமும் குடியிருக்கிற பின்பக்கத்து ரூமும் போயிடும்.

பெட்டி பூட்டியிருந்தது.

பத்து நாள் வெங்கடராமன் அந்தப் பக்கமே போகலை. பதினோராம் நாள், வேற ஆள் இருப்பார்னு நெனச்சுக்கிட்டேதான் படியேறினார்.

சிவலிங்கமேதான் இருந்தார். கழுத்துல துண்டு. சட்டை முதுகோட ஒட்டிக்கிடந்தது. மேஜைக்கு மேல கொக்கி மட்டும் இருந்தது. ஃபேன், ஜன்னலோர நாற்காலிக்கு மேல சுத்திக்கிட்டிருந்தது.

"வாங்க சார். உடம்புக்கு முடியலையா? ஆளையே காணோமே."

வெங்கடராமன் போய் உக்காந்தார். காத்து குளுகுளுன்னு இறங்கிச்சு. கையில பேப்பர் படபடத்துச்சு.

படிப்பகத்தோட செயலாளர் ரோஹிணி படியேறி வந்தா. இங்கேயே பொறந்து வளர்ந்த பொண்ணு. தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த ஊர் வழக்கப்படி பேருல 'தா' சேத்து சிவலிங்கத்தை அண்ணனாக்கி, 'சிவுதா'ன்னுதான் கூப்பிடுவா.

"அங்கிள், ஒரு மஜா கேளுங்க. பெட்டியில ஒரு மொட்டை லெட்டர். அதுவும் தமிழ்ல! எனக்கு எங்க படிக்க வரும்? சிவுதாகிட்டயே குடுத்துப் படிக்கச் சொன்னேன்."

வெங்கடராமன் பேப்பரை மடிச்சு வச்சார்.

"படிச்சாரா?"

"முழுசா! கிறிஸ்டியன் புக் படிக்கிறார், மதம் பரப்பறார், வேலையை விட்டுத் தூக்குங்கன்னு... தன்னைப் பத்தியே, நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிச்சார் அங்கிள். குரல்கூட மாறலை."

"நீ என்ன பண்ணினே?"

"கமிட்டில சொன்னேன், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. லைப்ரரியில படிக்காம வேற எங்க படிப்பார்? அதை விட்டுட்டோம். ஆனா கடைசி லைன் நியாயமா இருந்தது. உடனே செஞ்சுட்டோம்."

"எந்தக் கடைசி லைன்?"

"'ஜன்னல்கிட்ட உக்காந்து படிக்கிற பெரியவருக்குக் காத்து வரலை. இவர் தலைக்கு மேல இருக்கிற ஃபேனைக் கழட்டி அங்க மாட்டவும்.' யார் எழுதினாங்களோ அங்கிள், உங்க மேல அவங்களுக்கு ரொம்பப் பிரியம்!"

அவ சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போனா.

சிவலிங்கம் எழுந்து வந்து ரிஜிஸ்டரை நீட்டினார்.

"வந்ததும் எழுதலையே சார்."

தேதி, பேரு, என்ன படிக்க வந்தோம்னு எல்லாம் எழுதணும். மத்தவங்க எல்லாம் இங்கிலீஷ்ல எழுதியிருந்தாங்க, ஒண்ணு ரெண்டு பேர் வங்காளத்துல. பக்கத்தைப் புரட்டினா, தமிழ்ல எழுதியிருந்தது வெங்கடராமன் ஒருத்தர்தான்.

கடுதாசியில இருந்த அதே கையெழுத்து.

"காத்து போதுமா சார்?"

"ம்."

சிவலிங்கம் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, மேஜைக்குப் போய் நீலப் புஸ்தகத்தைத் திறந்தார்.

"நாப்பத்தோராம் பக்கம் வந்தாச்சு சார்."

வெங்கடராமன் தலை நிமிர்ந்து ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தார். அவர் எழுதினது மூணே வரி. மூணுலயும் ஃபேன் கிடையாது.