தண்டபாணியின் கல்யாணத்துக்கு ஓட்டெடுப்பு

மாடிவீட்டு ரோஸ்லினும் கவிநயாவும் செய்துகொண்ட கல்யாணம் செல்லுமா என்று சொல்ல கோர்ட் யார், மக்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்று தெருவெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவர் தண்டபாணி. கோர்ட்டும் சரி என்றது. ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம், ஆகவே எல்லாக் கல்யாணங்களையும் ஓட்டுக்கு விடுங்கள் என்று தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டது.

மாடிவீட்டுக் கல்யாணம் போன ஞாயிறே அமோகமாகத் தேறிவிட்டது. இந்த ஞாயிறு தண்டபாணியின் முறை. வாரம் முழுக்க வீடு வீடாக ஏறிக் கும்பிட்டார். ஐந்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மாடிவீட்டையும் விடவில்லை.

“கவலப்படாதீங்க சார், எங்க ரெண்டு ஓட்டும் உங்களுக்குத்தான்,” என்றாள் ரோஸ்லின்.

மாலையில் முடிவு போனுக்கு வந்தது. செல்லும், நாற்பத்தொன்று. செல்லாது, நாற்பத்தொன்று. நோட்டா, ஒன்று. மறுவாக்குப்பதிவு வரை கல்யாணம் நிறுத்திவைப்பு.

“எவன்டி அந்த நோட்டா?” என்று சமையலறைக்குள் பாய்ந்தார்.

மனைவி வசுமதி மை வைத்த விரலால் பீன்ஸைப் பிடித்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான்தாங்க. முப்பத்திரண்டு வருஷத்துல இந்தக் கல்யாணத்தப் பத்தி யாராவது என்னக் கேட்டிருக்காங்களா? இப்பத்தான் மொதல்தடவயா கேக்குறாங்க. கொஞ்சம் யோசிக்க வேணாமா?”

தண்டபாணி அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, மீதி பீன்ஸை நறுக்கத் தொடங்கினார். மறுவாக்குப்பதிவுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.