மூன்று வீடுகள்

“இந்தத் தடவ படம் எடுக்க நான் வரல்ல, தங்கச்சி. வேற யாரும் எடுக்கவும் வேணாம்.”

சஞ்சீவனி திடுக்கிட்டாள். போன மாதம் அவளுடைய பழைய மாணவர் சங்கம் மஹய்யாவையில் அறுபது குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்தபோது, ஒரு சதம்கூட வாங்காமல் படம் எடுத்துத் தந்தவர் இந்தச் சுந்தரலிங்கம்தான். வருகிற ஞாயிறு மறுபடியும் கொடுக்கிறார்கள். அவருடைய ஸ்டுடியோ ‘திருத்த வேலை’ என்ற பலகையோடு பல வாரமாகப் பூட்டியிருந்ததால் வீடு தேடி வந்திருந்தாள்.

“ஏண்ணே? படம் போட்டாத்தானே வெளிநாட்டுல இருக்கிறவங்க நம்பிக் காசு அனுப்புவாங்க?”

“அந்தப் படத்துக்குப் பயந்து வரிசைக்கே வராத வீடு இருக்கு. அந்த வீட்டுப் பிள்ள ஓ.எல். பரீட்சைக்குப் படிக்குது. பேஸ்புக்ல எங்க படம் வந்தா ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு ஒரே அழுக.”

படங்களைப் பேஸ்புக்கில் போட்டவளே சஞ்சீவனிதான். ஆட்கள் பாராட்டி எழுதியதையெல்லாம் அன்றைக்கு இரண்டு முறை வாசித்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

“இன்னொரு வீடு. பக்கத்து வீட்டு அக்கா பாவம் பார்த்து, தனக்குக் கிடைச்ச அரிசியில பாதியக் குடுத்திருக்கு. அது அப்படியே பையில கெடக்கு.”

“ஏன், சமைக்கலியா?”

“கேஸ் முடிஞ்சு ரெண்டு கிழமை. வாடகை வீடு. விறகு மூட்ட வீட்டுக்காரர் விடமாட்டாரு. கடையில வாங்குற பாணும் தண்ணியும்தான்.”

“கடவுளே!”

“மூணாவது வீட்டுல, அம்மா கிழமையில அஞ்சு நாள் விரதம். சாமிக்குத்தான்னு பிள்ளைங்க நம்புதுங்க.”

சஞ்சீவனி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அறுபது பொதி கொடுத்த ஊரில் இப்படியா?

“அப்ப நாங்க என்னதான்ணே செய்யிறது?”

“பொதி கட்டாதீங்க. அந்தக் காசுக்குச் சந்திக் கடையில கூப்பன் குடுங்க. கேஸ் இல்லாதவங்க கேஸ் எடுப்பாங்க. பால்மா இல்லாதவங்க பால்மா எடுப்பாங்க. என்ன இல்லன்னு அவங்கவங்களுக்குத்தானே தெரியும்? ஒரே நாள்ல அள்ளிக் குடுத்துட்டுப் போகாம, மாசா மாசம் கொஞ்சமா குடுங்க. யாருக்குன்னு ஊருக்குத் தெரிய வேணாம்.”

சஞ்சீவனி அங்கேயே நின்று சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள். அவர் முதலில் மறுத்தார். படம் இல்லாமல் எப்படி என்றார். அவள் விடவில்லை. ஸ்கூலுக்கே போகமாட்டேன் என்று அழுத அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை.

“ஒத்துக்கிட்டாருண்ணே! கூப்பன்தான். படம் இல்ல.” பையைத் தோளில் மாட்டினாள். “ஞாயிறு வரைக்கும் ஏன் பொறுக்கணும்? வாங்க, இப்பவே போவோம். மூணுல முதல்ல எந்த வீடு?”

சுந்தரலிங்கம் கதிரையை விட்டு எழவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எங்கேயும் போக வேணாம், தங்கச்சி. மூணு வீடில்ல, ஒரே வீடுதான். நீங்க இப்ப நிக்கிறது அங்கதான்.”